மெத்தைக்குள் ஒரு பிடி மண்!

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு புது மெத்தை வந்து சேர்ந்தது. குழந்தைகளுக்கு ஏகக் கொண்டாட்டம். உறையைக்கூடப் பிரிக்க விடாமல் அதன் மேல் ஏறிக் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை மட்டும் ஓர் ஓரமாக உட்கார்ந்து, மெத்தையை ஒற்றை விரலால் அமுக்குவதும், விழுந்த குழி மெள்ள மேலே எழும்பி வருவதைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"ஏண்டா, இதற்குள்ளே என்ன வைத்துத் தைத்திருக்கிறான்? இலவம் பஞ்சா?" என்று கேட்டாள்.

"பஞ்சு இல்லை, அத்தை. நுரை."

"நுரையா? சோப்பு நுரை மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். நுரை கட்டி இறுகிப் போன ஒரு ரசாயனப் பொருள். பாலியூரித்தேன் என்று பெயர்."

அத்தை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள். "அது கிடக்கட்டும். ராத்திரி கொசுவர்த்தியைக் கட்டில் பக்கத்தில்தானே வைக்கிறீர்கள்? ஒரு பொறி பறந்து விழுந்தால் இது பற்றிக்கொள்ளுமா, கொள்ளாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத சமயங்களில் குடும்பஸ்தர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் நானும் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அப்போது கல்லூரியில் ரசாயனம் படிக்கும் என் மகள் முகம் முழுவதும் முல்தானி மிட்டியைக் குழைத்துப் பூசிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். உதட்டை அதிகம் அசைக்காமல், "பாட்டி, நான் பூசியிருக்கிறேன் பாருங்கள், இந்த ஜாதி மண்ணைச் சரியானபடி அந்த நுரையில் சேர்த்தால் நெருப்பின் வேகம் பாதியாகக் குறையுமாம்!" என்றாள்.

மெத்தைக்குள் மண்ணா என்று அத்தை மட்டுமல்ல, நானும்தான் வாயைப் பிளந்தேன். அதன் பிறகு நான் படித்ததையும் விசாரித்ததையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் நுரையின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம். 1937-ஆம் வருஷம் ஜெர்மனியில் லெவர்குசன் என்ற ஊரில் ஆட்டோ பேயர் என்ற விஞ்ஞானி இந்தப் பொருளைக் கண்டுபிடித்தார். இரண்டு திரவங்கள். ஒன்றுக்கு ஐசோசயனேட் என்றும், மற்றொன்றுக்குப் பாலியால் என்றும் பெயர். இரண்டையும் கலந்தால் கைகோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகி இறுகிவிடும். இதோடு கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்துவிட்டால் வேடிக்கைதான். தண்ணீரும் ஐசோசயனேட்டும் சந்திக்கும்போது கரியமில வாயு கிளம்புகிறது; கலவை பொங்குகிறது. இட்லி மாவு ராத்திரியெல்லாம் எடுத்துக்கொண்டு செய்கிற காரியத்தை இது சில நிமிஷங்களில் செய்து முடித்துவிடும். மாவில் கிருமிகள் வாயுவை உண்டாக்குகின்றன. இங்கே ரசாயனம் உண்டாக்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆரம்பத்தில் குமிழி குமிழியாக வந்த அந்தப் பொருளைப் பார்த்து, "ஓட்டை விழுந்த பாலாடைக் கட்டிக்குப் போலி செய்ய வேண்டுமானால் இது உதவும்" என்று பரிசோதனைக்காரர்கள் கேலி செய்ததாக ஒரு கதை உண்டு. கேலி செய்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று அதன் மேல்தான் படுத்துத் தூங்குகிறார்கள்! மெத்தை, ஸோபா, மோட்டார் வண்டி ஆசனம், செருப்பின் அடிப்பாகம், மர சாமான்களுக்குப் பூசும் வார்னிஷ், குளிர்சாதனப் பெட்டியின் சுவர் என்று எங்கே திரும்பினாலும் பாலியூரித்தேன்தான். மிருதுவாகவும் செய்யலாம், கல்மாதிரி கெட்டியாகவும் செய்யலாம். இவ்வளவு சாதுவான, சொன்னபடி கேட்கும் பொருள் வேறொன்று இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அத்தை கேட்ட கேள்வி இருக்கிறதே, அங்கேதான் சங்கடம். இந்த நுரை நன்றாக எரியும். உள்ளே முழுவதும் காற்றறைகள். சங்கிலிகளோ எண்ணெயிலிருந்து வந்த சரக்கு. கேட்க வேண்டுமா? எரியும்போது உருகிச் சொட்டும். சொட்டிய இடத்தில் குளம்போலத் தேங்கி இன்னும் வேகமாக எரியும். நெருப்பைவிடப் பொல்லாதது அதன் புகை. கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜன் சயனைடும் அதில் உண்டு. தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வதற்குள்ளேயே மயங்கிவிடுவார்கள்.

1979-ஆம் வருஷம் மே மாதம் இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரில் ஒரு பெரிய கடை தீப்பற்றிக்கொண்டது. தீ மூண்டது மேஜை நாற்காலி, ஸோபா விற்கும் பகுதியில். அங்கே அடுக்கி வைத்திருந்த ஆசனங்களில் இருந்தது இந்த நுரைதான். பட்டப்பகலில், ஜனங்கள் சாமான் வாங்கிக்கொண்டும் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டும் இருந்த நேரத்தில், 10 பேர் உயிரிழந்தார்கள். அந்த தேசத்தில் வீட்டு ஆசனங்களும் மெத்தைகளும் எளிதில் தீப்பற்றாதபடி இருக்க வேண்டும் என்று 1988-ல் கடுமையான விதிகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் போட்டாகிவிட்டது. நுரை எரியாமல் இருப்பதற்கு என்ன வழி? அமெரிக்காவில் புரோமின் கலந்த சில ரசாயனங்களை நுரையோடு சேர்த்தார்கள். தீ அடங்கியது உண்மைதான். ஆனால் அந்த ரசாயனம் சேர்த்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. நாளடைவில் நுரையிலிருந்து வெளியேறி வீட்டுத் தூசியில் கலந்தது. தூசியிலிருந்து மனிதர்களின் உடம்புக்குள் போயிற்று. கடைசியில், சகோதரிகளே, தாய்ப்பாலில் அதைக் கண்டுபிடித்தார்கள்! குழந்தை படுக்கும் மெத்தை எரியக் கூடாதே என்று போட்ட மருந்து, குழந்தை குடிக்கும் பாலில் வந்து நின்றது. இந்த வகையில் முக்கியமான ஒரு சரக்கின் உற்பத்தியை அமெரிக்காவில் 2004-ஆம் வருஷக் கடைசியில் நிறுத்தினார்கள். 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்படி உலகத்திலிருந்தே விலக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அதையும் சேர்த்தார்கள்.

இந்த நிலைமையில்தான் விஞ்ஞானிகளின் பார்வை களிமண் மேல் விழுந்தது. "தலையில் களிமண்ணா இருக்கிறது?" என்று வாத்தியார்கள் ஏசுவார்களே, அந்தக் களிமண்தான். ஆனால் எல்லாக் களிமண்ணும் அல்ல. மான்ட்மோரில்லனைட் என்று ஒரு கனிமம் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் மான்ட்மோரில்லான் என்ற ஊரில் கிடைத்ததால் 1847-ல் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அந்தக் கனிமம் மிகுந்த மண்ணுக்குப் பென்டோனைட் என்று வியாபாரப் பெயர். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பிரதேசத்திலும், ராஜஸ்தானில் பார்மேர் பக்கத்திலும் ஏராளமாக வெட்டி எடுக்கிறார்கள். நம் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டியும் இதற்கு நெருங்கிய உறவு.

இந்த மண்ணின் அந்தரங்கம் என்னவென்றால், அது பொடி அல்ல, அடுக்கு. அப்பளக் கட்டு ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனையோ அப்பளங்கள். அதேபோல் மண்ணின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு தகட்டின் கனம் சுமார் 1 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு! நம் தலைமயிர் ஒன்றின் பருமனுக்கு இந்தத் தகடுகளை அடுக்க வேண்டுமானால் 50,000-க்கு மேல் வேண்டும். அகலமோ கனத்தைப்போல் நூறு மடங்கும் அதற்கு மேலும் இருக்கும். அப்பளத்தின் கனத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். உவமை எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும்.

ஒரே ஒரு கிராம் மண்ணைத் தகடு தகடாகப் பிரித்து, ஒவ்வொரு தகட்டின் இரண்டு பக்கங்களையும் அளந்து கூட்டினால் 700 சதுர மீட்டருக்கு மேல் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று கிரவுண்டு மனை! சென்னையில் மனை தேடி அலைகிறவர்களுக்கு இது பொறாமை தரும் செய்திதான்.

ஆனால் பிரிப்பது சுலபமல்ல. இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவை அப்படியே கொட்டினால் என்ன ஆகும்? கட்டி தட்டிப் போகும். கட்டிக்கு வெளியே கூழ், உள்ளே பச்சை மாவு. மண்ணையும் அப்படியே பாலியூரித்தேனில் கொட்டினால் இதே கதிதான். இந்த மண்ணுக்குத் தண்ணீர் என்றால் உயிர்; எண்ணெய்ப் பசையுள்ள பொருள் என்றால் ஆகாது. கட்டுப் பிரியாமல் அங்கங்கே கட்டி கட்டியாகத் தங்கிவிடும். சோற்றில் கல் கிடந்தாற்போல, இழுத்தால் முதலில் அந்த இடத்தில்தான் அறுந்துபோகும். உபகாரம் இல்லை என்பதோடு உபத்திரவமும் சேர்ந்துவிடும்.

இதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள். மண் தகடுகளுக்கு நடுவே இயற்கையாகவே சோடியம் முதலிய அயனிகள் இருக்கின்றன. அவற்றை வெளியேற்றிவிட்டு, ஒரு முனை தகட்டில் ஒட்டிக்கொள்ளும், மறு முனை எண்ணெயோடு உறவாடும் ஒரு வகை அம்மோனியம் உப்பைக் குடியேற்றுகிறார்கள். தலைக்குக் குளித்த பிறகு கூந்தல் சிக்கில்லாமல் பிரிவதற்காகக் கண்டிஷனர் என்று ஒன்று தடவிக்கொள்கிறீர்களே, அதில் இருப்பதும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான். கூந்தல் பிரிகிற மாதிரியே தகடுகளும் விலகி இடம் கொடுக்கின்றன. அந்த இடைவெளியில் பாலியூரித்தேனின் திரவங்கள் நுழைந்து, அங்கேயே இறுகிச் சங்கிலியாகின்றன. அம்மோனியம் உப்பின் வாலில் ஐசோசயனேட்டோடு கைகோக்கும்படியான ஒரு கொக்கியையும் வைத்துவிட்டால், தகடு நுரையின் சங்கிலியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுவிடும். பிறகு பிரிந்து போவது ஏது?

இந்த வித்தையை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் ஜப்பானியர்கள். டொயோட்டா ஆராய்ச்சிக்கூடத்தில் 1980-க்குப் பிந்திய வருஷங்களில் நைலானோடு இந்த மண்ணைக் கலந்தார்கள். நூற்றுக்கு 5 பங்குகூட இல்லை. ஆனால் பாரம் ஏற்றிய நிலையில் 65 டிகிரி சூட்டிலேயே வளைந்துகொண்டிருந்த நைலான், 145 டிகிரி வரை தாக்குப் பிடித்தது. அதைக் கொண்டு மோட்டார் எஞ்சினின் ஒரு பட்டைக்கு உறையும் செய்து பூட்டிவிட்டார்கள்.

நைலானுக்கு நடந்தது பாலியூரித்தேனுக்கு நடக்காதா? 1998-ல் அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்ய சர்வகலாசாலையில் வாங் என்பவரும் பின்னவாயா என்பவரும் ரப்பர்போல் நீளும் பாலியூரித்தேனில் நூற்றுக்கு 10 பங்கு மண்ணைப் பிரித்துக் கலந்தார்கள். அதன் விறைப்பும் பலமும் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தன. அது ஆச்சரியமில்லை. அறுந்து போவதற்கு முன் எவ்வளவு தூரம் நீளும் என்பதும் இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று! இதுதான் ஆச்சரியம். சாதாரணமாக ஒரு பொருளை விறைப்பாக்கினால் அது முறுகி ஒடியும். அடைக்கு மாவு கெட்டியானால் மொறுமொறுப்பு வரும், மடிக்க வராது. இங்கே முறுக்கும் உண்டு, மடிப்பும் உண்டு.

இன்னொரு குணம் இதைவிட அருமையானது. பென்சில்வேனியா ராஜ்ய சர்வகலாசாலையில் செயற்கை இருதயம் செய்யும் முயற்சி நெடுநாளாக நடந்து வந்தது. இரத்தத்தை உந்தித் தள்ளும் பைக்குப் பாலியூரித்தேன்தான் ஏற்றது. ஆயிரம் லட்சம் தடவை மடங்கி விரிந்தாலும் களைக்காது. ஆனால் ஒரு குறை. அதன் வழியாக நீராவி மெள்ள மெள்ளக் கசியும். உடம்புக்குள் வைக்கிற யந்திரத்தில் ஈரம் கசிந்தால் என்ன கதி! 2001-ல் அங்கிருந்த ஆராய்ச்சியாளர்கள் மண் தகடுகளைக் கலந்து பார்த்தபோது, கசிவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததைக் கண்டார்கள். 

காரணம் எளிது. பெரிய கோயிலில் வாசலிலிருந்து நேரே சந்நிதிக்குப் போவது ஒரு வழி. திருவிழாக் கூட்டத்துக்காகத் தட்டி கட்டி, இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி என்று வளைத்து வளைத்து வரிசையில் விடுவது மற்றொரு வழி. சந்நிதி அதே தூரத்தில்தான் இருக்கிறது; போய்ச் சேர ஒரு மணி ஆகிறது. நீராவிக்கும் வாயுவுக்கும் மண் தகடுகள் கட்டுகிற தட்டி இதுதான். ஒவ்வொரு தகடாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இந்தச் சங்கதிக்கும் நம் சமையலறைக்கும்கூடச் சம்பந்தம் உண்டு. குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் இருப்பது கெட்டிப் பாலியூரித்தேன் நுரை. அதன் குமிழிகளுக்குள் அடைபட்ட வாயுதான் வெளிச் சூட்டை உள்ளே விடாமல் காக்கிறது. வருஷக் கணக்கில் அந்த வாயு மெதுவாக வெளியேறி, வெளிக் காற்று உள்ளே புகுந்துவிடும். பெட்டி பழசானால் மின்சாரம் அதிகம் தின்பதற்கு இதுவும் ஒரு காரணம். கொஞ்சம் மண் தகடு கலந்தால் குமிழிகள் சிறிதாகவும் நெருக்கமாகவும் உண்டாகின்றன. வாயு தப்பித்துப் போவதும் தாமதமாகிறது.

சரி, அத்தையின் கேள்விக்கு வருவோம். நெருப்பு வந்தால் மண் என்ன செய்யும்?

மண் எரியாது. நுரையின் மேற்பரப்பு எரிந்து போகப் போக, உள்ளேயிருந்த தகடுகள் மட்டும் மிஞ்சி மேலே படிந்துகொள்ளும். கரியும் மண்ணும் சேர்ந்து ஓர் ஓடு மாதிரி ஆகிவிடும். அடியில் இருக்கும் நுரைக்குச் சூடு போவதையும், அங்கிருந்து எரியும் வாயு மேலே வருவதையும் அந்த ஓடு தடுக்கிறது. சாம்பல் பூத்த கரி மெதுவாகக் கனிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே தத்துவம்தான்.

2012-ஆம் வருஷம் டெக்ஸாஸில் கிரன்லன் என்ற பேராசிரியரின் கூடத்தில் இதையே வேறு தினுசாகச் செய்தார்கள். மண்ணை நுரைக்குள் கலக்கவில்லை. நுரையின் மேல் பூசினார்கள். இறால், நண்டு இவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன் என்ற பொருளைக் கரைத்து, நுரையை அதில் ஒரு முக்கு. பிறகு மண் கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு. ஒன்றுக்கு நேர்மின்சாரம், மற்றொன்றுக்கு எதிர்மின்சாரம். ஆகையால் ஒன்றை ஒன்று இறுகப் பற்றிக்கொள்ளும். நம் வீட்டுச் சுவருக்குக் கோட்டின் மேல் கோட்டாக வெள்ளையடிக்கிற மாதிரி இப்படிப் பத்து ஜோடிப் பூச்சு. பத்தும் சேர்ந்து மொத்தக் கனம் சுமார் 30 நானோமீட்டர்தான்! அந்த நுரைக்கு நேராக எரிவாயுத் தீயைப் பிடித்தபோது அது உருகி வழியவே இல்லை. உச்சகட்டத்தில் வெளிவரும் வெப்பம், பூசாத நுரையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 52 பங்கு வரை குறைந்திருந்தது. என் மகள் சொன்ன "பாதி" இதுதான். இறால் ஓடும் மண்ணும்! புரோமின் இல்லை.

இவ்வளவு புகழ்ந்தாகிவிட்டது. நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நெருப்பின் உச்ச வேகத்தை மண் குறைக்கிறதே தவிர, தீயே பிடிக்காது என்பதல்ல. உள்ளே கலந்த மண்ணினால் தீப்பற்றும் நேரம் அதிகம் தள்ளிப் போவதில்லை. மொத்தமாக வெளிவரும் வெப்பமும் ஏறக்குறைய அதேதான். ஒரே மூச்சில் வராமல் நிதானமாக வருகிறது. ஒரு வீட்டில் நாலு பேர் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட அந்த நிதானம் பெரிய வரப்பிரசாதம்தான். ஆனாலும் வேறு துணைப் பொருள்களும் சேர்ந்தால்தான் சட்டப் பரிசோதனைகளில் தேற முடியும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள்.

மேலும் எல்லா நுரைக்கும் மண் ஒத்துக்கொள்வதில்லை. 2005-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஒரு வகைப் பாலியூரித்தேன் நுரையின் பலத்தை அபாரமாக உயர்த்திய அதே மண், சங்கிலிகள் நெருக்கமாகப் பின்னிய வேறொரு வகையில் பலத்தைக் குறைத்துவிட்டது. அங்கே தகடுகள் நடுவில் புகுந்து சங்கிலிகளின் உள் உறவைக் கெடுத்துவிட்டனவாம். நல்ல மருமகளே ஆனாலும் எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்துவாள் என்று சொல்ல முடியுமா? மண் அதிகமானால் திரவம் கூழாகிவிடும். நுரை ஒழுங்காகப் பொங்காது. தொழிற்சாலையில் பொடியாகக் கையாளுகிறவர்கள் தூசி மூச்சில் போகாமல் கவனமாக இருக்க வேண்டும். பூச்சு முறையைப் பற்றி எனக்கே ஒரு கேள்வி உண்டு. எங்கள் வீட்டுக் குழந்தைகள் மாதிரி நாலு பேர் பத்து வருஷம் ஏறிக் குதித்த பிறகும் அந்த 30 நானோமீட்டர் அப்படியே இருக்குமா?

இதையெல்லாம் அத்தைக்கு ஒரு ராத்திரி உட்கார்ந்து விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "எல்லாம் சரி. இந்த மெத்தையில் அந்த மண் இருக்கிறதா, இல்லையா?" என்றாள்.

மெத்தையைப் புரட்டி, ஓரத்தில் தைத்திருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நீளம் இருந்தது. அகலம் இருந்தது. கனம் இருந்தது. வெயிலில் போடாதே என்று இருந்தது. தீயைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

அத்தை எழுந்தாள். கட்டில் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த கொசுவர்த்தியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்த் தாழ்வாரத்துச் சிமிட்டித் தரையில் வைத்தாள். என் மனைவி அன்றைக்கே பீரோவிலிருந்து பழைய கொசுவலையை எடுத்து உதறிக் கட்டினாள். பிறகு அத்தை தன் கோரைப் பாயைக் கூடத்தில் விரித்துக்கொண்டு, "எனக்கு இது போதும். மண் கலந்த மெத்தை வந்தால் சொல்லியனுப்பு" என்றாள்.

அன்றும் முகத்தில் மண்ணைப் பூசிக்கொண்டு நின்ற என் மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காய்ந்திருந்த முல்தானி மிட்டி கன்னத்தில் பாளம் பாளமாக வெடித்துவிட்டது.